சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு: வன்னித் தாய்மாரும் தந்தையரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டாவளைப் பக்கம், இரணைமடு வாய்க்கால் ஓடும் ஊரொன்றில் 14 வருடங்களாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். காலையில் பிள்ளையை விட வருபவர்கள் படலையில் நின்று கேட்பதும், நிறை பார்க்கும் நாளில் வரிசையில் கேட்பதும், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் வைத்தியர் அல்ல. உடல்நலம் பற்றிய இடங்களில் தாய் சேய் கிளினிக்கில் சொல்லித் தருவதையே சொல்கிறேன். மற்றவை நான் கண்டவை, பட்டவை.

இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை எழும்பி அழுகிறாள். என் பால் காணவில்லையோ?

மூன்று மாதப் பிள்ளை அப்படித்தான் எழும்பும். வயிறு சிறிது, தாய்ப்பால் விரைவில் செமித்துவிடும். பால் காணுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகிறதா, மாதாமாதம் நிறை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் காணும்.

காணாமல் இருப்பது பெரும்பாலும் உங்கள் நித்திரைதான். பகலில் பிள்ளை உறங்கும்போது உடுப்புத் தோய்க்கப் போகாமல் நீங்களும் சரியுங்கள். வீட்டில் வேறு ஆள் இருந்தால் மாலையில் ஒரு மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றச் சொல்லுங்கள். ஆள் இல்லாத வீடுகள் நம் பக்கத்தில் அதிகம் என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒரு பிள்ளை பிறந்தால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி என்று தூக்குவதற்குப் பத்துக் கைகள் இருந்தன. யுத்தமும் இடப்பெயர்வும் அந்தக் கைகளைக் கொண்டுபோய்விட்டன. பத்துப் பேர் சுமந்ததை இன்று ஒருத்தி சுமக்கிறாள். களைத்துப்போனால் தன்னில்தான் குறை என்று நினைக்கிறாள். கீழே வரும் பல கேள்விகளின் அடியில் இதுதான் கிடக்கிறது.

சித்திரை வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தால் என்ன?

ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். தாய்ப்பாலில் பெரும் பங்கு தண்ணீர்தான். வெயில் நாளில் கூடுதல் தடவை பால் கொடுங்கள்; நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். தகரக் கூரை வீடென்றால் நண்பகலில் வேம்பின் கீழே பாயைப் போடுங்கள்.

மாமி ஒன்று சொல்கிறார், குடும்பநல மாது வேறொன்று சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மாமி சொல்வதில் பாதிக்கு மேல் பொன். 31 நாள் உங்களை அடுப்படிக்கு விடாமல் வைத்திருப்பது, சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி, முருங்கையிலை, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிக்கவார்ப்பது, தாலாட்டு எல்லாம் வேண்டும். பல்லு முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் சொரிவதும் வேண்டும்; அன்று சொந்தபந்தம் கூடிப் பிள்ளையைத் தூக்கும், தாயின் கை ஒரு நாள் ஆறும். நாவூறு கழிப்பதற்கும் நான் குறுக்கே நிற்பதில்லை. காய்ச்சல் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் நாவூறு மட்டும் கழித்துக்கொண்டு இருந்தால் நிற்பேன்.

வேண்டாதவை சில இருக்கின்றன. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன், சீனித் தண்ணீர், கோரோசனை எதுவும் வைக்கக்கூடாது. அதிலும் தேன் ஒரு வயதுவரை ஆபத்து. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். தொப்புளில் எதையும் பூசவும், கண்ணுக்குள் மை இடவும், பிள்ளையின் மார்பைப் பிதுக்கவும் கூடாது. பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும் பிழை.

இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். நீங்கள் சொன்னால் அது மருமகள் எதிர்த்துக் கதைத்ததாகிவிடும். குடும்பநல மாது வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள். கேள்வியை நீங்கள் கேளுங்கள், பதிலை அவர் சொல்லட்டும். என் மாமியோடு நான் அப்படித்தான் செய்தேன். அடுத்த வளவில் பிள்ளை பிறந்தபோது, தேன் வைக்க வேண்டாம் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. டின் உணவு வாங்க வசதியில்லை. எதைக் கொடுப்பது?

டின் தேவையே இல்லை. குழைய அவித்த சோறும் பருப்பும், ஒரு துளி நல்லெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால், கையால் மசித்துக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக்கூடாது. அந்தப் பதம் முக்கியம். பழகியதும் பூசணி, கீரை, முள் எடுத்த குளத்து மீன், முட்டை, கிடைக்கும் நாளில் ஈரல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். குரக்கன் கூழ், பயறு, வாழைப்பழம், பப்பாப்பழம் எல்லாம் நம் வளவிலும் சந்தையிலும் இருப்பவைதான். ஒரு வயதுவரை சீனியும் உப்பும் வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடருங்கள்.

போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான். போன் இல்லாவிட்டால் ஒரு வாய் இறங்காது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி கேட்காத வீடு இப்போது இல்லை. 2020 இல் பாடசாலைகள் மூடி வகுப்புகள் போனுக்கு வந்த காலத்தில், கடன்பட்டாவது ஒரு தொடுதிரைப் போன் வாங்கினோம். அண்ணாவுக்கு வாங்கியது தம்பியின் கைக்குப் போனது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று. போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்குப் பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. வாய் திறக்கிறது, அவ்வளவுதான்.

முதலில், உண்மையில் பசியோடு இருக்கிறானா என்று பாருங்கள். பத்து மணிக்கு ஒரு பிஸ்கட், பதினொன்றுக்குக் கடைக்கார மாமா கொடுத்த ரொபி, பன்னிரண்டுக்கு இனிப்புப் பால். பிறகு ஒரு மணிக்குச் சோறு எப்படி இறங்கும்? சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பாக இவற்றை நிறுத்துங்கள். பிறகு எல்லோரும் பாயில் வட்டமாக இருந்து சாப்பிடுங்கள். அவனுக்கும் ஒரு சின்னக் கோப்பை, சின்னப் பிடி. சிந்தட்டும், கோழி பொறுக்கும். நான்கைந்து நாள் பட்டினி கிடக்கிறானே என்று நெஞ்சு பதறும். நோயில்லாத பிள்ளை சோற்றின் முன் பட்டினி கிடக்காது.

வேலை முடியும்வரை பிள்ளையை இருத்திவைக்க வேறு வழியில்லாமல் போனைக் கொடுக்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் தேவைப்படுவது இன்னொரு ஆள். முதல் கேள்வியில் சொன்ன கைகள்தான். எங்கள் ஊரில் மூன்று வீட்டுத் தாய்மார் முறைவைத்து, ஒருவர் மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் பார்க்க மற்ற இருவரும் சமைக்கிறார்கள். அந்த மூன்று வீட்டிலும் போன் உறியில் தொங்குகிறது.

நிறை இறங்கிவிட்டது என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

பதிவேட்டில் உள்ள நிறை வளைகோடு உங்களுக்குப் போட்ட புள்ளி அல்ல. ஒரு மாதப் புள்ளியை விட கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போன மாதம் காய்ச்சலா, வயிற்றோட்டமா, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்ததா, நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய மாதமா, வயல் வேலை கூடிய மாதமா என்று யோசித்துக் குடும்பநல மாதிடம் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் கோட்டைத் திருப்பலாம்.

திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கான மருந்து போன்றது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா அது. வீட்டில் நான்கு பிள்ளைகள் இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, பங்கிட்டு விடுகிறோம். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் நானும் பங்கிட்டிருக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பயறும் தேங்காய்ப்பூவும் சேர்த்த உருண்டை பிடியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், சண்டை வராது.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் காய்ந்தது. அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்வது வழமை. பிள்ளையின் நிறைக்குக் கிளினிக்கில் சொன்ன அளவு பரசிற்றமோல், ஆறு மணித்தியால இடைவெளியில், போதும். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜீ.; 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோவும்; 9 மாதத்தில் சின்னமுத்து போன்றவற்றுக்கு எதிரான எம்.எம்.ஆர்.; 12 மாதத்தில் யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி; 18 மாதத்தில் முக்கூட்டும் போலியோவும்; 3 வயதில் மறுபடி எம்.எம்.ஆர்.; 5 வயதில் இன்னொன்று. எல்லாம் இலவசம்.

ஊசியோடு தொடர்பில்லாத காய்ச்சல் மாரி காலத்தில் வந்தால் டெங்கு என்ற எண்ணத்தோடு இருங்கள். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ந்தால் இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து, சத்தி எடுத்து, வயிறு வலிக்கிறது என்று அழுதால் அதுதான் ஆபத்தான நேரம், உடனே புறப்படுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

விளையாட விட்டால் பயம், விடாவிட்டால் அழுகை. வளவில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது கிணறு. கட்டில்லாத கிணறு இருந்தால் இன்றைக்கே சுற்றிவர வேலி அடையுங்கள், பலகையாவது போட்டு மூடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாட்களில் சிறு பிள்ளை தனியே வெளியில் நிற்கக்கூடாது. குளியலறை வாளியில் மிஞ்சும் தண்ணீரையும் கவிழ்த்துவிடுங்கள். தவழும் பிள்ளை மூழ்க அது போதும்.

அடுத்தது போத்தல்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதை எவ்வளவு சொல்லியும் நிறுத்துகிறோம் இல்லை. பிள்ளைக்குப் போத்தலைத்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பாம்பு கடித்தால் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், கடித்த இடத்தை அசைக்காமல் கொண்டுபோங்கள். நிலத்தில் படுப்பவர்களை இரவில் கடிக்கும் பாம்பு உண்டு, அந்தக் கடி வலிக்காமலும் இருக்கலாம். நுளம்புவலையின் கரையைப் பாயின் கீழே செருகினால் நுளம்புக்கும் பாம்புக்கும் அது ஒரு தடை.

வெடிபொருள் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். மீள்குடியேறி இவ்வளவு வருடமாகியும், மழை மண்ணை அரித்த இடத்தில் எதுவாவது தெரியத்தான் செய்கிறது. மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுங்கள்: தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, எறியக்கூடாது, வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். வந்து சொன்ன பிள்ளையை அங்கே ஏன் போனாய் என்று ஒருபோதும் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த தடவை வந்து சொல்லாது.

தங்கச்சி பிறந்ததிலிருந்து நான்கு வயது மூத்தவள் பாயை நனைக்கிறாள், மழலை கதைக்கிறாள், என்னைத் தூக்கு என்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

வேண்டுமென்றே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தால்தான் அம்மாவின் மடி கிடைக்கும் என்று அவள் கண்ணால் கண்டுவிட்டாள். நீ பெரிய பிள்ளை என்று சொல்லச் சொல்ல அது கூடும். அப்பாவோ அம்மம்மாவோ கைக்குழந்தையை வைத்திருக்க, ஒரு நாளில் பதினைந்து நிமிடம் அவளுக்கு மட்டும் கொடுங்கள். தலை இழுத்துவிடுவதாகவோ கோழிக்குத் தீன் போடுவதாகவோ இருக்கலாம். நனைந்த பாயை ஒன்றும் பேசாமல் வெயிலில் போடுங்கள். சில வாரங்களில் மாறிவிடும். மாறாமல், சலம் போகும்போது எரிகிறது என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் விளையாட்டுச் சாமான் கடை முன்னால் நிலத்தில் விழுந்து புரண்டான். சனம் எல்லாம் பார்த்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மத்தியானம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்த இரண்டு வயதுப் பிள்ளை, இரவு பதினொரு மணி, பறைச் சத்தம், சன நெரிசல், பசி. அவன் விழுந்து புரண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. பிள்ளையோடு சேர்ந்து குந்தி, கையைப் பிடித்து, உனக்கு அந்தக் கார் வேண்டும், எனக்குத் தெரிகிறது, இன்றைக்கு வாங்கவில்லை என்று சின்னதாகச் சொல்லுங்கள். பிறகு தூக்கிக்கொண்டு சத்தம் குறைந்த பக்கம் போங்கள். அழுகை உச்சத்தில் நிற்கும்போது வாங்கிக் கொடுத்தால், புரண்டால் கார் வரும் என்பதை அவன் பிடித்துக்கொள்வான். வாங்குவதென்றால் அழுவதற்கு முன்பே வாங்குங்கள்.

பார்த்துக்கொண்டு நிற்கும் சனத்திடமும் ஒரு வேண்டுகோள்: அந்தத் தாயின் பையை ஒருவராவது வாங்கிப் பிடியுங்கள்.

இரண்டரை வயதாகிறது, கதைக்கிறான் இல்லை. தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர் என்கிறார் மாமி. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அம்மா வா, பால் தா. அது வரவில்லையென்றால் குடும்பநல மாதிடம் சொல்லிச் சிறுவர் கிளினிக்குக்குப் போங்கள். முதலில் காது பார்ப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, முகத்தைப் பார்க்கிறதா, விரலால் காட்டிக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். தொடக்கத்திலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

போன் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். கார்ட்டூனில் வரும் அந்நிய மொழிச் சொற்களைத் திருத்தமாகச் சொல்லி, தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாத பிள்ளைகள் என் முன்பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். சோறு காய்ச்சும்போதும் கிணற்றடியிலும் கதைத்துக்கொண்டே இருங்கள். அதைவிடப் பெரிய பேச்சுப் பயிற்சி எனக்குத் தெரியாது.

மூன்றரை வயதாகிறது. மற்ற முன்பள்ளியில் எழுதப் பழக்குகிறார்களாம். இவன் பின்தங்கிவிடமாட்டானா?

மாட்டான். ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளைதான் தரம் 1 இல் சேரும். எழுத்து அங்கே இருக்கிறது. விஜயதசமியில் அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கினால் அது வாழ்த்து. மறுநாளே கொப்பியில் நூறு அ எழுத வைப்பது வதை. மூன்றரை வயது விரலுக்குக் களிமண் பிசைதல், புளியங்கொட்டை பொறுக்குதல், சட்டைப் பொத்தான் பூட்டுதல்தான் பாடம். மணல் எங்கும் கிடக்கும் ஊரில் பிள்ளையை மேசைக்குப் பின்னால் அடைக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் கெஞ்சுகிறேன்.

ஆடைத் தொழிற்சாலை பஸ் விடிய ஐந்து மணிக்கே வந்துவிடும். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போகிறேன். பாவம் செய்கிறேனா?

இல்லை. கணவர் இல்லாத வீட்டிலும், நுண்கடன் தவணை வாராவாரம் படலையில் நிற்கும் வீட்டிலும் அந்தச் சம்பளம்தான் பிள்ளையின் சோறு. சட்டப்படி பேற்று விடுமுறை 84 நாள், எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதேதான். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளைகளும் உரிமை. கேட்டுப் பெறுங்கள். சுத்தமான மூடிய பாத்திரத்தில் பீச்சி வைத்த பால் சாதாரணமாக நான்கு மணித்தியாலம் தாங்கும். நம் வெயிலில் குளிர்ந்த இடத்தில் வைத்து அதற்கு முன்னரே கொடுப்பது நல்லது.

மாலையில் வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையோடு அரை மணித்தியாலம் இருங்கள், பிறகு அடுப்பு. அம்மம்மாவையும் மறக்க வேண்டாம். மகனைப் பறிகொடுத்து, வீட்டைப் பறிகொடுத்து, அறுபத்தைந்து வயதில் மறுபடி ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையாவது அவரைக் கோவிலுக்கோ சகோதரி வீட்டுக்கோ போகவிடுங்கள்.

கட்டாரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தேன். மகள் என்னைக் கண்டால் ஒளிக்கிறாள். என்ன செய்ய?

இழுத்து அணைக்காதீர்கள். அவளுக்கு நீங்கள் போனுக்குள் இருந்த முகம். பக்கத்தில் நிலத்தில் இருந்து ஏதாவது செய்யுங்கள். பனையோலையில் காற்றாடி செய்தால் பார்க்க வருவாள். பிறகு ஒரு வேலையை முழுதாக உங்களுடையதாக்குங்கள், குளிக்கவார்ப்பதோ முன்பள்ளிக்குச் சைக்கிளில் கொண்டுவருவதோ. பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்த அப்பாவைவிட, தினமும் குளிக்கவார்க்கும் அப்பாவிடம்தான் பிள்ளை சேர்கிறது. வெளிநாடு போகாமல், வயலில் நின்று பிள்ளை தூங்கிய பிறகே வீடு வரும் தந்தையருக்கும் இதே பதில்தான்.

அடிக்காமல் பிள்ளை வளருமா? எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள். அடியாத மாடு படியாது.

அது மாட்டுக்குச் சொன்னது. கன்றுக்குட்டியை நாம் அடித்துப் பழக்குவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறோம். அடித்த பிள்ளை அந்த நேரம் நிறுத்தும். எதற்காக அடித்தீர்கள் என்று மறுநாள் கேட்டுப் பாருங்கள், தெரியாது. அடித்த கை மட்டும் நினைவிருக்கும். பாடசாலையிலேயே அடிக்கக்கூடாது என்று 2005 இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டில் அதைவிடக் குறைந்த பாதுகாப்பா பிள்ளைக்கு?

அடிக்குப் பதில் என்ன? குறைந்த கட்டளைகள், ஆனால் மாறாத கட்டளைகள். அடுப்படிக்குள் ஓடக்கூடாது என்றால் அப்பாவும் அம்மாவும் அம்மப்பாவும் ஒரே சொல் சொல்ல வேண்டும். கொட்டியதை அவனே துடைக்கட்டும், தம்பியைத் தள்ளினால் விளையாட்டு அன்றைக்கு முடியட்டும். கை ஓங்கிவிட்டால், பிறகு பிள்ளையிடம் போய் அம்மா அடித்தது பிழை என்று சொல்லுங்கள். அதனால் மரியாதை குறையாது, நான் சொல்லியிருக்கிறேன். எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை வதைபடுவதாகத் தெரிந்தால் சிறுவர் உதவிக்கான 1929 ஐ அழையுங்கள்.

2009 இல் எனக்குப் 13 வயது. இப்போது என் மகன் வீரிட்டு அழும்போது கை நடுங்குகிறது, காது அடைக்கிறது. ஒருநாள் அவன் வாயைப் பொத்திவிட்டேன். எனக்கு என்ன நடக்கிறது?

இதைக் கேட்ட தாய் அழவில்லை. கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதுங்குகுழிக்குள் அவளுடைய தம்பி அழும்போது எல்லோரும் சேர்ந்து வாயைப் பொத்துவார்களாம்.

உங்களுக்குப் பைத்தியம் இல்லை, நீங்கள் கெட்ட தாயும் இல்லை. அழுகை வந்தால் ஆபத்து என்று அன்று உங்கள் உடம்பு படித்தது. இன்னும் அது மறக்கவில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் நானும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவள். மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது கோவிலில் திடீரென்று வெடி கொளுத்தினார்கள். நான் பிள்ளையோடு மேசைக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கை நடுங்கத் தொடங்கியதும் பிள்ளையைப் பாயில், விழாத இடத்தில் கிடத்துங்கள். ஐந்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கதவுக்கு வெளியே போய் முகத்தில் தண்ணீர் அடியுங்கள். காலை நிலத்தில் அழுத்தி, எதிரில் தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இது தென்னை, இது என் வீடு, இன்று செவ்வாய்க்கிழமை. மூச்சு ஆறியதும் திரும்பிப் போங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் வந்து பிள்ளையைத் தூக்க வேண்டும். அடிக்கடி வந்தால், பிள்ளை உறங்கியும் உங்களுக்கு உறக்கம் வராவிட்டால், தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம். தனியே போகத் தயங்கினால் என்னைப் போல ஊரில் ஒரு ரீச்சர் இருப்பார், கூட வருவார்.

நான்கு வயது மகள் சுவரில் உள்ள படத்தைக் காட்டி, மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

இறந்தவர் என்றால் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று சொல்லுங்கள். வெளிநாடு போயிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளை விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே ஓடும். அப்படி ஓடிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எப்படி இறந்தார் என்ற விவரம் இந்த வயதுக்கு வேண்டாம். யுத்தம் நடந்தது, நிறையப் பேர் இறந்தார்கள், இப்போது அது நடக்கவில்லை, நீ என்னோடு இருக்கிறாய். அவ்வளவு போதும். கடைசி இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அவள் உண்மையில் கேட்பது அதைத்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இன்னும் கடினம். படத்துக்கு மாலை போடவும் முடியாமல், எடுத்து வைக்கவும் முடியாமல் இருக்கும் வீடுகள் அவை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் அந்தத் தாய்மார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியபோது, பேரப்பிள்ளைகளும் மடியில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் எங்களுக்குத் தெரியாது, அம்மம்மா தேடுகிறார் என்றே சொல்ல வேண்டும். வருவார், வரமாட்டார் என்று அம்மம்மாவின் முன்னால் முடிவு சொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்கும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். மாமாவை நினைத்தேன், அதனால் அழுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாத அழுகைக்குப் பிள்ளை தன்னைத்தான் காரணமாக்கும்.

பிறகு அவர் உயிரோடு இருந்த நாட்களைச் சொல்லுங்கள். என்ன சாப்பிட ஆசைப்படுவார், எந்த மரத்தில் ஏறுவார், யாரோடு சண்டை பிடிப்பார். என் இளையவன் தன் பெரியப்பாவின் படத்தைப் பார்த்து, இவர் சைக்கிள் ஓடுவாரா என்று கேட்டான். ஓடுவார், இரண்டு கையையும் விட்டு ஓடுவார் என்றேன். அன்று பொழுதுபடும்வரை அவன் தன் மூன்று சக்கரச் சைக்கிளில் கையை விட்டு ஓடப் பழகிக்கொண்டு இருந்தான்.